மூன்று பக்கங்களின் கணக்கு

பள்ளி மண்டபத்தில் ஒரு பூப்பந்து ஆடுகளம் அமைக்க வேண்டும். இரட்டையர் ஆட்டத்துக்கான களத்தின் நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர் என்பது அனைத்துலக விதி. அளவுநாடாவும் ஒட்டுநாடாவும் கையில் இருந்தால் வேலை முடிந்துவிடும் என்றுதான் முதலில் தோன்றும். நான்கு பக்கங்களையும் சரியாக அளந்து கோடுகளை ஒட்டிவிடலாம். ஆனால், ஒட்டி முடித்தபின் மேடைமீது ஏறி நின்று பார்த்தால், களம் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கக்கூடும். எந்தப் பக்கத்தை மீண்டும் அளந்தாலும் நாடா சரியான அளவையே காட்டும். பக்கங்களில் பிழை இல்லை. மூலைகள்தாம் கோணலாகிவிட்டன.

நான்கு குச்சிகளை ஒரு செவ்வகமாக வைத்து, மூலைக்கு ஓர் ஆணி அடித்துப் பார்த்தால் இது விளங்கும். செவ்வகத்தைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளினால் அது சாய்ந்து இணைகரமாகிவிடும். குச்சிகளின் நீளம் சிறிதும் மாறுவதில்லை. கோணங்கள் மட்டுமே மாறுகின்றன. ஆகவே, நான்கு பக்கங்களின் அளவு தெரிந்திருப்பது மட்டும் செவ்வகத்தை உறுதிசெய்யாது. மூலைகள் செங்கோணமாக, அதாவது 90 பாகையாக இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

அதற்குப் பாகைமானியைப் பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். உள்ளங்கையளவு கருவியால் மண்டபத்தின் தரையில் கோடு போடுவது ஆபத்தானது. மூலையில் அரைப் பாகை தவறினால், 13.4 மீட்டர் தொலைவில் அந்தத் தவறு 11 சென்டிமீட்டருக்கும் மேல் வளர்ந்துவிடும். களம் அமைப்பவர்கள் கோணத்தை அளப்பதே இல்லை. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நாடாவைக் குறுக்காக இழுத்துப் பிடிக்கிறார்கள். அந்த மூலைவிட்டம் 14.723 மீட்டர் இருந்தால், மூலை செங்கோணம்தான். உலகப் பூப்பந்துச் சம்மேளனத்தின் விதிநூலில் உள்ள களப் படத்திலும் இந்த அளவு குறிப்பிடப்பட்டுள்ளது.

இந்த 14.723 எங்கிருந்து வந்தது? யாரோ ஒருவர் மிகச் சரியான களத்தை முதலில் அமைத்து, பிறகு அதை அளந்து எழுதிவைத்த எண் அன்று. களம் என ஒன்று அமைக்கப்படும் முன்பே, மேசைக்கு முன்னால் அமர்ந்து கணக்கிடக்கூடிய எண் அது. 13.4ஐ அதே எண்ணால் பெருக்கினால் 179.56. 6.1ஐ அதே எண்ணால் பெருக்கினால் 37.21. இரண்டையும் கூட்டினால் 216.77. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 216.77 வரும் என்று தேடினால், கணிப்பான் 14.723 என்று காட்டும்.

செங்கோண முக்கோணம் என்பது ஒரு கோணம் செங்கோணமாக உள்ள முக்கோணம். செங்கோணத்துக்கு எதிரே இருக்கும் மிக நீண்ட பக்கத்துக்குக் கர்ணம் என்று பெயர். செவ்வகத்தைக் குறுக்கே வெட்டினால் இத்தகைய இரு முக்கோணங்கள் கிடைக்கும். செவ்வகத்தின் மூலைவிட்டமே அவற்றின் கர்ணம். கர்ணத்தின் வர்க்கம், மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டிய தொகைக்குச் சமம் என்பதே பிதாகரஸ் தேற்றம். பக்கங்கள் 3, 4 என்றால், 9ஐயும் 16ஐயும் கூட்ட 25 கிடைக்கும். ஆகவே, கர்ணம் 5.

இந்தத் தேற்றத்தைப் படிக்கும்போது பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. பக்கங்களின் நீளங்களைக் கூட்டினால் கர்ணம் வராது. 3உம் 4உம் சேர்ந்தால் 7 ஆகுமே தவிர 5 ஆகாது. இங்கே கூட்டப்படுபவை பரப்பளவுகள். முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் அடியாகக் கொண்டு வெளிப்புறமாக ஒரு சதுரம் வரைந்தால், இரு சிறிய சதுரங்களின் பரப்பளவும் சேர்ந்து பெரிய சதுரத்தின் பரப்பளவுக்குச் சரியாக இருக்கும். ஆங்கிலத்தில் சதுரத்துக்கும் வர்க்கத்துக்கும் ‘ஸ்குவேர்’ என்ற ஒரே சொல் இருப்பதால் இந்தத் தொடர்பு காதிலேயே விழுந்துவிடுகிறது. தமிழிலும் மலாய் மொழியிலும் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. அதனால், வர்க்கம் என்ற சொல்லைக் கேட்கும்போது ஒரு சதுரத்தை மனக்கண்ணில் கொண்டுவர நாம் சற்று முயல வேண்டியிருக்கிறது.

பிதாகரஸ் கிரேக்கத் தீவான சாமோசில் பிறந்தவர், கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். தென் இத்தாலியில் குரோட்டன் என்ற ஊரில் சீடர்களோடு வாழ்ந்தவர். அவர் எழுதியதாக ஒரு வரிகூட இன்று நம்மிடம் இல்லை. தேற்றம் அவர் பெயரைத் தாங்கியிருந்தாலும், அவர் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இன்றைய ஈராக் நாட்டுப் பகுதியில் வாழ்ந்த பாபிலோனியர்களுக்கு இந்தத் தொடர்பு தெரிந்திருந்தது. அவர்கள் ஈரக் களிமண் பலகைகளில் எழுத்தாணியால் குத்தி எழுதினார்கள். காய்ந்து இறுகிய அப்பலகைகள் இன்றும் அருங்காட்சியகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இருக்கின்றன.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உள்ள ‘பிளிம்டன் 322’ என்ற பலகை அவற்றுள் புகழ்பெற்றது. அது ஏறத்தாழ 3,800 ஆண்டுகள் பழைமையானது. அதில் 15 வரிகளில் எண்கள் உள்ளன. நான்காவது வரியில் 12,709, 18,541 என்ற இரு எண்களைக் காணலாம். முதல் பார்வைக்கு ஏதோ வணிகக் கணக்குபோல் தோன்றும். ஆனால், 12,709ஐயும் 13,500ஐயும் பக்கங்களாகக் கொண்ட செங்கோண முக்கோணத்தின் கர்ணம் துல்லியமாக 18,541 என வருகிறது. கணிப்பானில் போட்டுப் பார்ப்பவர்கள் வியப்படைவார்கள். இத்தனை பெரிய எண்கள் குத்துமதிப்பாகப் பொருந்திவிட வாய்ப்பில்லை.

யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள இன்னொரு பலகை கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறியது. அதில் ஒரு சதுரமும் அதன் இரு மூலைவிட்டங்களும் வரையப்பட்டுள்ளன. சதுரத்தின் பக்கத்தை எந்த எண்ணால் பெருக்கினால் மூலைவிட்டம் வரும் என்ற எண்ணும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. அந்த எண் தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இடங்கள்வரை சரியாக உள்ளது. இதை எழுதியவர் ஒரு மாணவராக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வகுப்பில் செய்த ஒரு பயிற்சிக் கணக்கு, எழுதியவரின் பெயர்கூட இல்லாமல், ஏறத்தாழ நான்காயிரம் ஆண்டுகளைக் கடந்து வந்திருக்கிறது.

இந்தியாவில் வேள்விமேடை கட்டுவதற்காக எழுதப்பட்ட சுல்ப சூத்திரங்கள் என்ற வடமொழி நூல்களிலும் இதே செய்தி இருக்கிறது. ‘சுல்பம்’ என்றால் கயிறு. அவற்றுள் மிகப் பழையதான பௌதாயனரின் நூல் பிதாகரசின் காலத்துக்கும் முந்தியது எனப் பெரும்பாலான அறிஞர்கள் கருதுகின்றனர். செவ்வகத்தின் மூலைவிட்டத்தின்மீது அமையும் பரப்பு, அதன் நீளமும் அகலமும் தனித்தனியே அமைக்கும் இரு பரப்புகளுக்குச் சமம் என்ற கருத்தை அது கூறுகிறது. சீனாவில் இத்தொடர்பு ‘கோகு’ என்ற பெயரால் வழங்குகிறது. ஒரு நாட்டார் கண்டுபிடித்ததை மற்றவர் கற்றனரா, தனித்தனியே கண்டனரா என்ற கேள்வி சுவையானதுதான். எனினும், அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. ஒரு விதி பொருந்துகிறது என்று தெரிந்துகொள்வதும், அது எப்போதும் பொருந்தும் என்று தெரிந்துகொள்வதும் ஒன்றா?

தமிழர்களிடையே இணையத்திலும் கைத்தொலைபேசிச் செய்திகளிலும் அடிக்கடி வலம்வரும் ஒரு பாடலை எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். போதையனார் என்பவர் பெயரால் பகிரப்படும் அந்தப் பாடல், கர்ணத்தைக் காண ஓர் எளிய வழியைச் சொல்கிறது. பெரிய பக்கத்தை எட்டுப் பங்காக்கி, ஒரு பங்கைத் தள்ளிவிட வேண்டும். மீதியோடு சிறிய பக்கத்தில் பாதியைக் கூட்ட வேண்டும். கிடைப்பதுதான் கர்ணமாம். வர்க்கமும் வேண்டாம், வர்க்கமூலமும் வேண்டாம். பிதாகரசுக்கும் முன்பே தமிழர் இதைவிட எளிய தேற்றத்தைக் கண்டுவிட்டனர் என்ற பெருமிதக் குறிப்பும் அந்தச் செய்தியுடன் சேர்ந்து வருவதுண்டு. எந்தப் பழைய நூலில் அப்பாடல் இருக்கிறது என்பதைப் பகிர்பவர்கள் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. நூல் எதுவாக இருந்தாலும், விதியைச் சோதித்துப் பார்க்கத் தடையில்லை.

3, 4 என்ற பக்கங்களில் தொடங்கலாம். 4இல் எட்டில் ஒரு பங்கான அரையைத் தள்ளினால் மூன்றரை. 3இல் பாதி ஒன்றரை. கூட்டினால் 5. மிகச் சரி! அடுத்து, 5, 12 என்ற பக்கங்கள். 12இல் எட்டில் ஒரு பங்கு ஒன்றரை, தள்ளினால் பத்தரை. 5இல் பாதி இரண்டரை. கூட்டினால் 13. உண்மையான கர்ணமும் 13தான். பெரும்பாலோர் இந்த இடத்தில் சோதனையை நிறுத்திக்கொண்டு செய்தியை அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இன்னும் சிறிது தூரம் போகலாம். 8, 15 ஆகிய பக்கங்களுக்குக் கர்ணம் 17. பாடலின் விதி தருவது 17.125. 7, 24 ஆகியவற்றுக்குக் கர்ணம் 25. விதி தருவது 24.5. 9, 40 ஆகியவற்றுக்குக் கர்ணம் 41, விதியோ 39.5 என்கிறது. கடைசி விடையைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். முக்கோணத்தின் ஒரு பக்கமே 40 ஆக இருக்கும்போது, எல்லாவற்றிலும் நீண்ட பக்கமாகிய கர்ணம் 39.5 ஆக இருக்க முடியாது. அப்படி ஒரு செங்கோண முக்கோணத்தை யாராலும் வரைய இயலாது.

அப்படியானால் முதலிரண்டு சோதனைகளில் விதி ஏன் வென்றது? இயற்கணிதம் கற்றவர்கள் அந்த விதியையும் பிதாகரஸ் தேற்றத்தையும் சமப்படுத்தி ஒரு சமன்பாடு அமைக்கலாம். அதைத் தீர்த்தால் இரண்டே விடைகள் வரும். பெரிய பக்கமும் சிறிய பக்கமும் 4க்கு 3 என்ற விகிதத்தில் இருக்கலாம். அல்லது 12க்கு 5 என்ற விகிதத்தில் இருக்கலாம். இந்த இரண்டு வடிவங்களைத் தவிர வேறு எந்தச் செங்கோண முக்கோணத்துக்கும் விதி துல்லியமாகப் பொருந்தாது. பாடநூல்களில் மிகுதியாக இடம்பெறும் முக்கோணங்களும் அவையே என்பதால், சோதிக்கத் தொடங்கும் எவரும் பெரும்பாலும் அவற்றைத்தான் முதலில் எடுக்கிறார்கள். இரண்டு முறை சரியாக வந்தது. ஆகவே எப்போதும் சரியாக வரும் என்ற முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள்.

இதனால் அந்த விதி பயனற்றது என்றாகிவிடாது. சிறிய பக்கம், பெரிய பக்கத்தின் பாதிக்கும் முக்காலுக்கும் இடைப்பட்டதாக இருந்தால் பிழை நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. கணிப்பான் இல்லாத காலத்தில், கூரைக்கு எவ்வளவு நீள மரம் வாங்க வேண்டும் என்று மனக்கணக்குப் போடுபவருக்கு இது அருமையான வழி. எட்டில் ஒரு பங்கு, பாதி ஆகியவை கயிற்றை மடித்தே காணக்கூடிய அளவுகள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இதை அமைத்தவர் கூர்மையான அறிவுடையவர் என்பதில் ஐயமில்லை. தோராய விதியைத் தோராய விதி என்றே பாராட்டுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. அதைத் தேற்றம் என்று அழைத்தால், அடுத்த நிமிடமே யாராவது 9, 40 என்ற எண்களைப் போட்டுப் பார்த்துச் சிரிக்க இடம் கொடுத்துவிடுவோம்.

பூப்பந்துக் களத்தையும் இவ்விதியால் அளந்து பார்க்கலாம். 13.4இல் எட்டில் ஒரு பங்கைத் தள்ளினால் 11.725, அதனுடன் 6.1இல் பாதியான 3.05ஐக் கூட்டினால் 14.775 மீட்டர். உண்மையான மூலைவிட்டத்தைவிட இது 5.2 சென்டிமீட்டர் அதிகம். களத்தின் கோடுகளே 4 சென்டிமீட்டர் அகலம்தான். ஒரு மூலைவிட்டத்தை 14.775 என்று வைத்து அமைத்தால், களம் ஒருபுறம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் சாய்ந்துவிடும். இரு மூலைவிட்டங்களுக்கும் இடையே 10 சென்டிமீட்டர் வேறுபாடு வரும். கோட்டின் விளிம்பில் விழும் பந்துக்குப் புள்ளி உண்டா இல்லையா என்று வாதிடும் விளையாட்டில் இது சிறிய வேறுபாடு ஆகாது.

சரி, பிதாகரஸ் தேற்றமும் இதுபோல் சில முக்கோணங்களுக்குப் பொருந்தி, மற்றவற்றில் தவறிவிடாது என்பதற்கு என்ன உறுதி? ஆயிரம் முக்கோணங்களை அளந்து பார்த்தாலும் இந்தக் கேள்வி தீராது. ஆயிரத்தோராவது முக்கோணம் வேறுவிதமாக இருக்கலாமே! அளவுநாடாவில் மில்லிமீட்டருக்கும் குறைவான பிழைகள் கண்ணுக்குத் தெரியாது. அளந்து பார்ப்பதை விட்டுவிட்டுக் காரணம் காட்ட வேண்டும். அதற்குத்தான் நிரூபணம் என்று பெயர். இந்தத் தேற்றத்துக்கு ஒரு தாளும் கத்தரிக்கோலும் இருந்தாலே நிரூபணம் செய்துவிடலாம்.

அட்டையில் ஒரே அளவிலான நான்கு செங்கோண முக்கோணங்களை வெட்டிக்கொள்ள வேண்டும். செங்கோணத்தை ஒட்டிய பக்கங்கள் 3 சென்டிமீட்டர், 4 சென்டிமீட்டர் என்று இருக்கட்டும். தாளில் 7 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம் வரைய வேண்டும். 3உம் 4உம் சேர்ந்ததுதான் இந்த 7. இப்போது சதுரத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு முக்கோணத்தின் செங்கோணம் பொருந்துமாறு நான்கையும் வைக்க வேண்டும். சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு முக்கோணத்தின் 3 சென்டிமீட்டர் பக்கமும் அடுத்த முக்கோணத்தின் 4 சென்டிமீட்டர் பக்கமும் அடுத்தடுத்து அமையும். நடுவில் முக்கோணங்களால் மூடப்படாத ஓர் இடம் சாய்ந்த வடிவில் தெரியும். அதன் நான்கு பக்கங்களும் கர்ணங்களே.

அந்தச் சாய்ந்த வடிவம் உண்மையிலேயே சதுரம்தானா என்று பார்த்துவிடுவது நல்லது. நான்கு பக்கங்களும் சமம் என்பது மட்டும் போதாது என்பதை ஆணி அடித்த குச்சிகள் ஏற்கெனவே காட்டிவிட்டன. பெரிய சதுரத்தின் ஒரு பக்கத்தில், இரு முக்கோணங்கள் சந்திக்கும் புள்ளியைக் கவனிக்க வேண்டும். அங்கே மூன்று கோணங்கள் சேர்ந்து ஒரு நேர்க்கோட்டை, அதாவது 180 பாகையை நிரப்புகின்றன. அவற்றுள் இரண்டு, முக்கோணத்தின் இரு குறுங்கோணங்கள். முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை. அதில் செங்கோணம் போக, குறுங்கோணங்கள் இரண்டும் சேர்ந்து 90 பாகை. ஆகவே, நடுவில் எஞ்சிய கோணமும் 90 பாகைதான். சாய்ந்த வடிவம் சதுரமே. அதன் பரப்பளவு கர்ணத்தின் வர்க்கம்.

இனி அதே நான்கு முக்கோணங்களையும் நகர்த்த வேண்டும். இரண்டிரண்டாகக் கர்ணத்தோடு கர்ணம் சேர்த்தால் இரு செவ்வகங்கள் கிடைக்கும். ஒன்றைச் சதுரத்தின் கீழ்வலது மூலையில் படுக்கையாக வைக்க வேண்டும். மற்றதை மேலிடது மூலையில் நிமிர்த்தி வைக்க வேண்டும். இப்போது மூடப்படாமல் இருப்பவை இரண்டு சதுரங்கள். ஒன்றின் பக்கம் 3. மற்றதன் பக்கம் 4. பெரிய சதுரம் மாறவில்லை, முக்கோணங்களும் மாறவில்லை. எனவே, மூடப்படாத இடத்தின் பரப்பளவும் மாறியிருக்க முடியாது. முதலில் கர்ணத்தின் சதுரமாகத் தெரிந்த அதே அளவு இடம், இப்போது இரு சிறிய சதுரங்களாகப் பிரிந்து தெரிகிறது.

இங்கே 3, 4 என்ற எண்கள் வெட்டுவதற்கு வசதியாக எடுக்கப்பட்டவை மட்டுமே. மேலே சொன்ன காரணங்களில் எந்த ஒன்றும் அந்த எண்களைச் சார்ந்திருக்கவில்லை. 9உம் 40உம் எடுத்தாலும், 13.4உம் 6.1உம் எடுத்தாலும் முக்கோணங்களை அப்படியே நகர்த்தலாம். ஆயிரத்தோராவது முக்கோணத்தைத் தனியே அளக்க வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது.

‘சோபி சுவான்சிங்’ என்ற பழைய சீன நூலோடு வழங்கும் ஒரு படம், நாம் முதலில் அமைத்த வடிவத்தையே காட்டுகிறது. ஏழுக்கு ஏழாக 49 கட்டங்கள். அவற்றின் நடுவே சாய்ந்து நிற்கும் சதுரம். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் அந்நூலுக்கு உரை எழுதிய சாவ் சுவாங் இப்படத்தை வைத்தே விளக்கம் தந்தார். 2002ஆம் ஆண்டு பெய்ஜிங் நகரில் நடைபெற்ற அனைத்துலகக் கணிதவியலாளர் மாநாட்டின் சின்னமும் இந்தப் படத்தைத் தழுவி அமைக்கப்பட்டதே.

கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட், ஏறத்தாழ கி.மு. 300இல் தொகுத்த ‘எலிமெண்ட்ஸ்’ என்னும் நூலின் முதல் பகுதியில் 47ஆவது கூற்றாக இத்தேற்றத்தை நிரூபித்தார். உடனே 48ஆவது கூற்றில் அதைத் தலைகீழாகத் திருப்பினார். ஒரு முக்கோணத்தின் இரு பக்கங்களின் வர்க்கங்கள் கூடி மூன்றாவது பக்கத்தின் வர்க்கத்துக்குச் சமமானால், அந்த முக்கோணம் செங்கோண முக்கோணமாகத்தான் இருக்கும் என்பது அக்கூற்று. இரண்டும் ஒன்றுபோல் ஒலித்தாலும் ஒன்றல்ல. மழை பெய்தால் தரை நனையும். அதற்காக, தரை நனைந்திருந்தால் மழை பெய்தது என்று சொல்லிவிட முடியுமா? தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கலாம். எதிர்த்திசையில் செல்லும் கூற்றுக்குத் தனி நிரூபணம் வேண்டும். தரையில் களம் அமைப்பவரும், சுவர் எழுப்பும் கொத்தனாரும் உண்மையில் பயன்படுத்துவது இந்த 48ஆவது கூற்றைத்தான். அவர்களுக்குக் கோணம் தெரியாது. மூன்று நீளங்களை அளந்து அதிலிருந்து கோணத்தை அறிகிறார்கள்.

யூக்ளிடுக்குப் பிறகும் புதிய நிரூபணங்கள் வந்துகொண்டே இருந்தன. 1876ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் கார்பீல்டு, மூன்று முக்கோணங்களைச் சேர்த்து ஒரு சரிவகம் அமைத்து நிரூபணம் ஒன்றை வெளியிட்டார். ஐந்தாண்டுகளுக்குப் பிறகு அவர் அந்நாட்டின் அதிபரானார். எலிசா லூமிஸ் என்ற அமெரிக்க ஆசிரியர் இத்தகைய நிரூபணங்களைத் தேடித் தொகுப்பதையே பெரும்பணியாகக் கொண்டார். 1940ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலின் இரண்டாம் பதிப்பில் 370 நிரூபணங்கள் உள்ளன.

அதே நூலில் லூமிஸ் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். கோணங்களையும் பக்கங்களையும் இணைத்து ஆராயும் முக்கோணவியலைக் கொண்டு இத்தேற்றத்தை நிரூபிக்க முடியாது என்றார். முக்கோணவியலின் அடிப்படைச் சூத்திரங்களே இத்தேற்றத்திலிருந்து பிறந்தவை. ஆகவே, அவற்றை வைத்து இதை நிரூபிப்பது தன் தோளிலேயே தான் ஏறி நிற்க முயல்வதற்கு ஒப்பாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். பலர் அதை ஏற்றுக்கொண்டனர். 2009இல் ஜேசன் சிம்பா என்பவர் அந்த வாதத்தில் உள்ள இடைவெளியைக் காட்டினார். முக்கோணவியலின் சில பகுதிகளைப் பிதாகரசின் துணையின்றியே நிறுவ முடியும் என்பதே அவர் கண்ட வழி.

2022ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நெக்கியா ஜாக்சன், கல்சியா ஜான்சன் என்ற இரு மாணவியர் உயர்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில் படித்துக்கொண்டிருந்தனர். பள்ளியில் நடந்த ஒரு கணிதப் போட்டியின் கூடுதல் வினா, பிதாகரஸ் தேற்றத்துக்குப் புதிய நிரூபணம் ஒன்றைக் கேட்டது. பெரும்பாலோர் தாண்டிச் செல்லும் வினா அது. இருவரும் தனித்தனியே அதில் இறங்கினர். முடிவே இல்லாமல் சிறுத்துக்கொண்டே போகும் முக்கோணங்களை அடுக்கி, அவற்றின் நீளங்களைக் கூட்டும் ஒரு வழியைக் கண்டனர். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் அட்லாண்டா நகரில் நடந்த அமெரிக்கக் கணிதவியல் சங்கக் கூட்டத்தில், பேராசிரியர்களின் நடுவே நின்று அதை விளக்கினர்.

கூட்டத்தில் பேசியதோடு வேலை முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு படியையும் எழுத்தில் வடித்து, பிற கணிதவியலாளர்களின் சோதனைக்கு உட்படுத்த வேண்டியிருந்தது. அதற்குள் இருவரும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டனர். ஒருவர் மருந்தியலும் மற்றவர் பொறியியலும் படிக்கச் சென்றனர். பாடங்களுக்கிடையே கட்டுரையையும் எழுதி முடித்தனர். 2024ஆம் ஆண்டு அக்டோபரில் ‘அமெரிக்கன் மேத்தமேட்டிகல் மந்த்லி’ என்ற ஆய்விதழ் அதை வெளியிட்டது. முக்கோணவியலின் வழியே அமைந்த ஐந்து நிரூபணங்கள் அக்கட்டுரையில் உள்ளன. மேலும் ஐந்து நிரூபணங்களைக் காண்பதற்கான முறையையும் அவர்கள் அதில் விளக்கியிருக்கிறார்கள்.